உறவினருக்குப் பரிசாக டிஜிட்டல் கேமரா: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

தனக்கென்று கேமரா வாங்குவது வேறு, இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு வாங்குவது வேறு. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி மட்டும். அதிகம் செலவழிக்க முடியாதவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. தனியாக ஒரு கேமரா தேவைதானா?

பலருக்குத் தேவையில்லை. மங்கலான வெளிச்சத்தில் இன்றைய நடுத்தரக் கைப்பேசி ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைத்துக் கொடுத்துவிடுகிறது. மலிவான பாக்கெட் கேமராவால் அது முடியாது. "படம் இன்னும் பளிச்சென்று வரட்டும்" என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிக் கொடுத்தால், பெற்றுக்கொண்டவர் சீக்கிரமே கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்.

கைப்பேசி கைவிடும் இடங்களும் உண்டு. உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, மேடையின் கோடியில் நின்று ஆடும் பேத்தி, ஆற்றின் அக்கரை என்று தொலைவில் இருப்பதை எடுக்க லென்ஸே நீண்டு கொடுக்க வேண்டும். பெரும்பாலான பாக்கெட் கேமராக்களில் இருக்கும் செனான் பிளாஷ் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஒளியைக் கொட்டி, ஓடும் குழந்தையைக்கூட நிறுத்திப் பிடித்துவிடும். கைப்பேசியில் இருக்கும் எல்இடி அதன் அருகில்கூட வராது. தொடுதிரையில் விரல் பிடிபடாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு அழுத்தினால் அழுந்துகிற ஒரு பொத்தான் பெரிய ஆறுதல். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்க விரும்பாத பெற்றோருக்கும் கேமரா நல்ல வழி. இவற்றில் ஒன்றாவது உங்கள் உறவினருக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைகளில் மலிவான புதிய கேமராக்கள் அதிகம் கண்ணில் படுவதில்லையே, ஏன்?

கைப்பேசி அந்தச் சந்தையை விழுங்கிவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, 2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 2023-இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பெரிய நிறுவனங்கள் மலிவு வரிசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, விலை கூடிய கேமராக்களின் பக்கம் போய்விட்டன.

இதில் உங்களுக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. தரமான மலிவான புதிய கேமராக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; காலியான அந்த இடத்தில் பொம்மைக்குச் சமமான பெயர் தெரியாத சரக்கு நிறையப் புகுந்திருக்கிறது. இது முதல் செய்தி. அந்தக் கோடிக்கணக்கான பழைய கேமராக்களில் கணிசமானவை இன்னும் நல்ல நிலையில் மேசை இழுப்பறைகளில் தூங்குகின்றன என்பது இரண்டாவது. கீழே சொல்லும் பல பதில்கள் இந்த இரண்டிலிருந்தும் பிறப்பவைதாம்.

எதிலிருந்து தொடங்குவது? மாடல் பெயர்களைப் பார்க்கத் தொடங்கினால் தலை சுற்றுகிறது.

மாடல்களைக் கடைசியில் பாருங்கள். எடுத்த படத்தை அவர் எங்கே பார்ப்பார் என்பதே முதல் கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை. கணினி வைத்திருக்கிறாரா, கைப்பேசிக்கு மாற்றி உறவுகளுக்கு அனுப்புவாரா, அச்சுப்போட்டு ஆல்பத்தில் ஒட்டுவாரா, தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பாரா? படம் கேமராவிலிருந்து வெளியே வருவதற்கு வழி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல கேமராவும் சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும்.

அடுத்தது, எதை எடுப்பார் என்பது. வீட்டுக்குள் குழந்தைகளையா, பயணத்தில் காட்சிகளையா, தோட்டத்தில் பூக்களையா? அவருடைய கண்ணும் கையும் எப்படி இருக்கின்றன என்பதையும் பாருங்கள். இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் நூறு மாடல்கள் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

எத்தனை மெகாபிக்சல் இருந்தால் போதும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே போதும். 4×6 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில்கூட 1200 × 1800, அதாவது சுமார் 22 லட்சம் பிக்சல் (2.2 மெகாபிக்சல்)தான் தேவை. ஏ4 அளவு முழுத்தாளுக்கு 9 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவு. 4கே தொலைக்காட்சித் திரையின் மொத்தப் பிக்சல்களே 83 லட்சம்தான். ஆகவே 10 அல்லது 12 மெகாபிக்சல் கொண்ட பழைய கேமரா குடும்பத் தேவைக்குத் தாராளம்.

1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா 100 × 100 பிக்சல் படம்தான் எடுத்தது. எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி. அதை நினைத்தால் 12 மெகாபிக்சலைக் குறை சொல்ல மனம் வராது.

அப்படியானால் படத்தின் தரத்தை எது தீர்மானிக்கிறது?

ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பும், அதன் முன்னால் இருக்கும் லென்ஸும். சாதாரணப் பாக்கெட் கேமராக்களில் 1/2.3 அங்குல வகைச் சென்சார் இருக்கும். அதன் அளவு சுமார் 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு அங்குல வகை என்று சொல்லப்படுவது 13.2 × 8.8 மி.மீ. (பெயரில்தான் அங்குலம், அளந்தால் எங்கேயும் ஒரு அங்குலம் வராது.) பரப்பில் அது முன்னதைப்போல நான்கு மடங்கு. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி வகை அதைவிடவும் மூன்று மடங்கு பெரியது.

வெயிலில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. மாலை மங்கிய பிறகோ, ஒற்றை விளக்கு எரியும் அறையிலோ சிறிய சென்சாரின் சாயம் வெளுத்துவிடும். உங்கள் உறவினர் அதிகம் வீட்டுக்குள்ளேயே படம் எடுப்பவர் என்றால், கூடுதல் ஜூமுக்குச் செலவழிப்பதைவிடச் சற்றுப் பெரிய சென்சாருக்குச் செலவழிப்பது மேல்.

ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆப்டிகல் ஜூமில் லென்ஸின் கண்ணாடிகள் நகர்ந்து காட்சியை அருகில் கொண்டுவருகின்றன. டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். பெட்டியில் எழுதியிருக்கும் ஜூம் எண்களில் ஆப்டிகல் என்ற சொல் எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சாதாரணக் குடும்பப் படங்களுக்கு 4 முதல் 10 மடங்கு போதும். பறவை பார்ப்பவர், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர் என்றால் 30 மடங்குக்கு மேல் போகும் பயணக் கேமராக்கள் உண்டு. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 40 மடங்கு. அவ்வளவு ஜூமில் மூச்சு விட்டாலே படம் ஆடும் என்பதால், கை அதிர்வை ஈடுகட்டும் ஆப்டிகல் நிலைப்படுத்தல் இல்லாத நீள்ஜூம் கேமராவைத் தொடவே தொடாதீர்கள். தொடக்க முனையில் (35 மி.மீ. பிலிம் கேமராவின் கணக்கில்) 24 முதல் 28 மி.மீ.க்குச் சமமான அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன அறையில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்துக்குள் அடக்க அந்த அகலம்தான் உதவும்.

"48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், 4கே வீடியோ" என்று மிக மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். பரிசாகக் கேமரா வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது மிகச் சிறிய, மலிவான சென்சார். அது உண்மையில் பதிவது சில மெகாபிக்சல். மீதியைக் கேமராவின் மென்பொருள் இடைச்செருகலாக நிரப்பி 48 என்று ஊதிவிடுகிறது. கோப்பின் அளவு பெரிதாகும், விவரம் கூடாது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலைமுடி இழை இழையாகத் தெரியாமல் ஈரச்சாயம் பூசியதுபோல் அப்பிக்கிடக்கும். 16 மடங்கு ஜூம் முழுவதும் டிஜிட்டல். குவியத்தை (ஃபோகஸ்) சரிசெய்யும் அமைப்பு சிலவற்றில் இருப்பதே இல்லை.

கண்டுபிடிப்பது கடினமில்லை. படத்தில் கேமராவின் முகப்பை உற்றுப் பாருங்கள். பெயர்பெற்ற கேமராவில் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் 5.0-25.0 போன்ற இரண்டு எண்களும் மி.மீ. குறியும், 1:3.2-6.3 போன்ற, ஒளி புகும் துளையின் அளவும் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு எண்களும் குவியத் தொலைவின் தொடக்கமும் முடிவும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவதே உண்மையான ஆப்டிகல் ஜூம், இங்கே ஐந்து மடங்கு. போலி வகையில் அந்த வளையத்தில் ஒரே ஒரு எண் இருக்கும், அல்லது 4கே, எச்டி என்று அலங்காரச் சொற்கள் இருக்கும். கேமராவை இயக்கினால் லென்ஸ் வெளியே நீளாது. பிளாஷ் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் புள்ளியுடன் ஒரு எல்இடி பதிந்திருக்கும். இவற்றில் இரண்டு பொருந்தினாலே போதும், நகர்ந்துவிடுங்கள்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக என்றால் ஆட்சேபமில்லை. அப்போதும் அதைப் பொம்மை என்று சொல்லியே கொடுங்கள்.

பெயர் தெரிந்த நிறுவனத்தின் புதிய கேமராதான் வேண்டும். எளிமையாக எது இருக்கிறது?

கோடாக் பிக்ஸ்ப்ரோ வரிசையின் எஃப்இசட்45, எஃப்இசட்55 இரண்டும் இந்த வகை. முன்னதில் 4 மடங்கு, பின்னதில் 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். எஃப்இசட்45 இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். கோடாக் 2012-இல் டிஜிட்டல் கேமரா தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரை உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் பயன்படுத்துகிறது. ஆகவே பழைய கோடாக்கின் கைவண்ணத்தை இதில் தேட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாத படம், எளிய மெனு, அவ்வளவுதான். பரிசாக அது பல பேருக்குப் போதும்.

கேனானின் ஐக்ஸஸ், சோனியின் சைபர்ஷாட் டபிள்யூ வரிசைகள் இதைவிட நேர்த்தியானவை. 2014-இல் வந்த சைபர்ஷாட் டபிள்யூ830 கையடக்கமான உடலில் 8 மடங்கு ஜூம் கொண்டது. இவற்றைப் பெரும்பாலும் கைமாறிய நிலையில்தான் தேட வேண்டியிருக்கும்.

தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கொடுப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

மெல்லிய, அழகான, பளபளக்கும் கேமராவை ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடிப் பொருள்போல வழுக்கும் உடலை விரல் மூட்டு வலிப்பவர்களால் பிடிக்க முடியாது. வலது கைக்கு ஒரு புடைப்பு உள்ள, கொஞ்சம் தடித்த கேமராவே நல்லது.

கடையில் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். அடிப்பக்கத்து பேட்டரி மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். சிலவற்றில் அரிசிமணி அளவுத் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளி, அதே நேரம் மூடியை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். உள்ளே பேட்டரியைப் பிடித்திருக்கும் சிறிய கொக்கியை ஒதுக்க இன்னொரு விரல் வேண்டும். மெமரி கார்டை அழுத்தினால் "டிக்" என்று துள்ளி வர வேண்டும். அதற்கும் நகம் தேவை. உங்களுக்கே இரண்டு முறை தவறினால் எழுபது வயதுக்காரருக்கு அது தினசரித் தண்டனை. அத்தகைய கேமராவில் பேட்டரியை வெளியே எடுக்காமல் யுஎஸ்பி வயர் மூலமே சார்ஜ் ஏற்ற முடியுமென்றால் பாதித் தொல்லை தீரும்.

முறைகளை மாற்றும் சக்கரம் மேற்புறத்தில் இருந்தால், அது தற்செயலாகத் திரும்பிவிடாத அளவுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். "கேமரா கெட்டுப்போய்விட்டது" என்று வரும் புகார்களில் பல, சக்கரம் வேறு முறைக்கு நகர்ந்ததால் வருபவை. இயக்கும் பொத்தானும் படம் எடுக்கும் பொத்தானும் ஒன்றையொன்று ஒட்டி ஒரே உயரத்தில் இருந்தால் அதுவும் வம்புதான்.

அருகில் இருப்பது மங்கலாகத் தெரிபவர்களுக்கு வெயிலில் திரையைப் பார்ப்பது சிரமம். கண்ணருகே வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும், அதன் பக்கத்தில் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளும் சிறு திருகும் இருந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் தெளிவாகப் பார்க்கலாம். மலிவு வகையில் இது அரிது. பழைய கேமராக்களில் தேடலாம்.

மெனு மொழியையும் மறக்காதீர்கள். நிக்கான் கூல்பிக்ஸ் வரிசையின் பல மாடல்களில் மெனுவைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் வராத பாட்டிக்கு இந்த ஒரு வசதி ஐந்து மெகாபிக்சலைவிட மேல். நேர்மாறாக, ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று சோனி தயாரித்த கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்த பழைய கேமராவை வாங்கும் முன் மெனுவைத் திறந்து பாருங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு?

எட்டு வயதுக்குக் கீழே என்றால் கீழே விழுந்தாலும் பாதகமில்லாத எதுவும் சரி. வெப்பத்தாளில் உடனே அச்சிட்டுத் தரும் பொம்மைக் கேமராக்கள் பிள்ளைகளைக் கவரும், ஆனால் அந்தப் படங்கள் நாளடைவில் மங்கிவிடும். தாள் வாங்கும் செலவும் பெற்றோர் தலையில் விழும். எட்டுக்கு மேல் என்றால் உண்மையான பழைய பாக்கெட் கேமராவையே கொடுக்கலாம். பிள்ளைகளை நாம் குறைத்து எடைபோடுகிறோம். மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் படம் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும்.

அக்கா மகள் "பழைய டிஜிட்டல் கேமராதான் வேண்டும்" என்கிறாள். இதென்ன ஆசை?

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டுகளில் வந்த கேமராக்களின் தோற்றத்தை இளையவர்கள் இப்போது விரும்பித் தேடுகிறார்கள். நேருக்கு நேர் அடிக்கும் பிளாஷ், இருண்ட பின்னணி, அழுத்தமான நிறம் ஆகியவை அந்தப் படங்களின் அடையாளம். அன்றைய கேமராக்களில் இருந்த சிசிடி என்ற பழைய வகைச் சென்சார்தான் காரணம் என்பார்கள். என் கணிப்பில் பிளாஷுக்கும், அன்றைய நிறுவனங்கள் நிறத்தைப் பக்குவப்படுத்திய விதத்துக்கும்தான் பெரும்பங்கு. சிசிடி என்ற எழுத்துக்காக மட்டும் விலையை ஏற்றிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. 2002 முதல் 2004 வரை வந்த பல நிறுவனங்களின் கேமராக்களில் இருந்த ஒரு தொகுதி சிசிடிகள் வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதடைந்து, திரை கறுத்தோ நிறம் சிதைந்தோ போயின. 2005-இல் நிறுவனங்கள் அவற்றை இலவசமாக மாற்றிக் கொடுத்தன; இன்று யாரும் மாற்றித் தரமாட்டார்கள். 2006-க்குப் பிந்தைய மாடலாகத் தேடுவது பாதுகாப்பு. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மெமரி கார்டு பற்றிய பதிலில் சொல்கிறேன்.

பழைய கேமராவைப் பரிசாகக் கொடுப்பது மரியாதைக் குறைவில்லையா?

பெறுபவரைப் பொறுத்தது. நெருக்கமானவரிடம் "நல்ல கேமராவாகத் தேடி எடுத்தேன், பழையதுதான்" என்று சொல்லிக் கொடுங்கள். மறைத்துப் புதியதாகக் காட்டுவதுதான் மரியாதைக் குறைவு. சம்பந்தி வீடுபோலச் சற்றுத் தூரத்து உறவென்றால் புதிய, எளிய கேமராவே நல்லது.

பழையதை வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் ஒரு மெமரி கார்டும் இல்லாமல் எந்தக் கேமராவையும் விலை பேசாதீர்கள். "பேட்டரி போட்டால் வேலை செய்யும்" என்ற வாக்கியத்துக்கு "வேலை செய்யாது" என்றே பொருள் கொள்ளுங்கள்.

இயக்கும்போது காதைக் கொடுங்கள். லென்ஸ் ஒரே சீராக, மெல்லிய ஓசையுடன் நீள வேண்டும். மணல் அரைபடும் "கரகர" கேட்டாலோ, பாதியில் நின்று திரும்ப உள்ளே போனாலோ வைத்துவிடுங்கள். பாக்கெட் கேமராவில் அதிகம் பழுதாவது இந்த நீளும் லென்ஸ்தான், பழுதுபார்க்கும் கூலி கேமராவின் விலையைத் தாண்டும். அடுத்து ஜூமை முழுவதும் நீட்டி, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். புகை படிந்த வட்டம்போல மங்கலான கறைகள் தெரிந்தால் உள்ளே தூசி புகுந்திருக்கிறது. பிறகு லென்ஸை விளக்கொளிக்குச் சாய்த்துப் பாருங்கள். வேர்போலப் படர்ந்த வெண்ணிற இழைகள் பூஞ்சை.

பேட்டரியை வெளியே எடுத்து மேசையில் படுக்க வையுங்கள். தட்டையாக நிற்காமல் தட்டாமாலைபோல ஆடினால் அது வீங்கியிருக்கிறது, பயன்படுத்தவே கூடாது. பேட்டரி இருந்த குழியில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஷை இரண்டு மூன்று முறை அடிக்கவிடுங்கள். கடைசியாக எல்லாப் பொத்தான்களையும் ஒரு சுற்று. நீக்கும் பொத்தான் வேலை செய்யாத கேமராவைக் கண்டுபிடிக்கப் பலரும் வீடு வரை காத்திருக்கிறார்கள்.

தம்பி படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். அவனுக்கும் இதே பாக்கெட் கேமராவா?

அவனுக்கு வேறு. ஒளி புகும் துளையையும், ஒளி எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷட்டரின் வேகத்தையும் கையால் மாற்ற முடியாத கேமரா அவனுக்கு விரைவில் அலுத்துவிடும். அதே செலவில் கைமாறிய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே சாய்ந்த கண்ணாடியும் மாற்றக்கூடிய லென்ஸும் உள்ள பெரிய கேமரா) ஒன்று, 18-55 மி.மீ. லென்ஸுடன் கிடைக்கலாம். அந்தக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களுக்கு நிறுவனங்கள் மாறிவிட்டதால் டிஎஸ்எல்ஆர்கள் மலிந்துவிட்டன. கற்பவருக்கு இது நல்ல காலம்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டி3300 போன்றவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது; இருபது, முப்பதாயிரத்தில் இருந்தால் கவலையில்லை. பின்னாளில் 50 மி.மீ. லென்ஸ் வாங்கிக் கொடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நிக்கானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் குவியப்படுத்தும் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ்தான் தானாகக் குவியும். பழைய ஏஎஃப்-டி வகையைக் கையால் திருப்ப வேண்டும்.

ஏஏ பேட்டரியா, லித்தியமா?

லித்தியம் இலகுவானது, அதிகப் படம் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தனி வடிவம். மாடல் நின்றுபோனால் அசல் பேட்டரியும் மெல்ல மறைந்துவிடும். கேமரா வாங்கும் முன் அதன் பேட்டரி எண்ணைச் சொல்லிக் கேட்டு, இன்னும் கிடைக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஏஏ எங்கும் கிடைக்கும். சாதாரண ஆல்கலைன் கேமராவின் இழுப்புக்குத் தாங்காமல் சீக்கிரம் படுத்துவிடும் என்பதால், மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நான்கும் ஒரு சார்ஜரும் சேர்த்துக் கொடுங்கள். அபூர்வமாகவே கேமராவைத் தொடுபவருக்கு ஏஏ. அடிக்கடி எடுப்பவருக்கு லித்தியம்.

மெமரி கார்டு எது வாங்க வேண்டும்?

புதிய கேமராவுக்கு 32 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு ஒன்று போதும், ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். பழைய கேமராவில்தான் பொறி இருக்கிறது. தொடக்க கால எஸ்டி வகை 2 ஜிபி வரைதான். 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி 2006-இல் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்கள் பலவற்றில் இன்று கடையில் கிடைக்கும் கார்டு உள்ளே நுழையும், ஆனால் படிக்காது. அன்றைய ஒலிம்பஸ், ஃபூஜி கேமராக்கள் எக்ஸ்டி என்ற தனிவகைக் கார்டையும், சோனி மெமரி ஸ்டிக்கையும் கேட்கும். எக்ஸ்டி கார்டுகளின் தயாரிப்பு நின்று நெடுங்காலமாகிறது. கார்டு கூடவே வராவிட்டால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள்.

மிக மலிவான 512 ஜிபி, 1 டிபி கார்டுகளில் போலி அதிகம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் இவை, உண்மையான இடம் நிரம்பியதும் புதிய படங்களைப் பாழாக்கிவிடும். கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. பரிசைக் கட்டும் முன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

படத்தைக் கைப்பேசிக்கு மாற்ற வைஃபை கட்டாயமா?

இருந்தால் நல்லது, நம்பி வாங்கக் கூடாது. கேமராவின் வைஃபை நிறுவனத்தின் செயலியைச் சார்ந்தது. செயலியைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், புதிய கைப்பேசியில் அது ஒருநாள் ஓடாமல் போகும். உறவினரின் கைப்பேசியில் செருகக்கூடிய சிறிய கார்டு ரீடர் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். செயலியும் கடவுச்சொல்லும் வேண்டாம். கார்டைச் செருகினால் படங்கள் தெரியும். பெட்டிக்குள் வைக்கும் துணைப் பொருள்களில் இதற்கே முதலிடம். உறை, முக்காலி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீடியோ?

எப்போதாவது என்றால் எந்தக் கேமராவும் போதும். அடிக்கடி என்றால் கைப்பேசியே சிறந்தது. பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். அரை மணிக்கு மேல் பதிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடியோ கேமராவுக்கான சுங்கவரி விழுமே என்று வைத்த வரம்பு அது. பழுதில்லை.

தண்ணீர் புகாத கேமரா வாங்கலாமா?

நீச்சல், கடல் என்று சுற்றுபவருக்கு மட்டும். புதிதாக வாங்கினால் செலவு கூடும். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 பதினைந்து மீட்டர் ஆழம் வரை தாங்கும், ஆனால் மலிவு வரிசையில் சேராது. பழையதை வாங்கினால் ரப்பர் அடைப்பு காய்ந்து விறைத்திருக்கும், அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பரிசைக் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை ஏதேனும் உண்டா?

உண்டு, ஒரு மணி நேர வேலை. பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். தவறினால் வரும் ஆண்டுகளில் எல்லாப் படமும் தவறான தேதியில் குவியும். மெனு மொழியை மாற்றுங்கள். கார்டைக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். முழுத் தானியங்கி முறையில் சக்கரத்தை நிறுத்துங்கள். மணிக்கட்டுப் பட்டையைக் கோத்துவிடுங்கள். அந்த ஊசித்துளைக்குள் நூலை நுழைக்க முயன்று பாதிப்பேர் பட்டையை அப்படியே பையில் போட்டுவிடுகிறார்கள்.

கொடுக்கும்போது அவர் கையாலேயே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கார்டைக் கழற்றி, ரீடரில் செருகி, அந்தப் படத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு அவரே அனுப்பும் வரை பக்கத்தில் இருங்கள். நீங்கள் செய்து காட்டுவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது மறுநாள் மறந்துவிடும்.

ரசீதைச் சேர்த்துக் கொடுப்பது அநாகரிகமாகத் தெரியாதா?

உத்தரவாதம் ரசீது இல்லாமல் செல்லாது. விலை தெரிவது கூச்சமாக இருந்தால் நீங்களே வைத்துக்கொண்டு, பழுதானால் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கொடுத்த கேமராவை அவர் தொடவே இல்லை என்றால்?

காரணம் கேளுங்கள். பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், சார்ஜர் எங்கோ போயிருக்கும், அல்லது கார்டு நிறைந்திருக்கும். சரிசெய்தும் ஆர்வம் இல்லையென்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வெளியே எடுத்துத் தனியாக வைத்து, கேமராவை ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அதைக் கேட்கக்கூடிய இன்னொரு பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கலாம்.